கும்பகர்ணனுக்கு ஒரு மெமோ

ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்ப எத்தனை காகிதம் வேண்டும் தெரியுமா? குறைந்தது ஐந்து. மெமோ, அதற்கு அவன் எழுதும் பதில், குற்றப்பத்திரிகை, விசாரணை அறிக்கை, கடைசியாக 'வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்வது' என்று ஆரம்பிக்கும் ஒரு கடிதம். இந்த ஐந்தையும் தப்பில்லாமல் டைப் அடிப்பதற்காகத்தான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனி எனக்கு மாசாமாசம் சம்பளம் கொடுக்கிறது. பதவியின் பெயர் ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ். ஊரில் என் அம்மா எல்லோரிடமும் 'மேனேஜர்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுப்பதில்லை.

எங்கள் பேட்டைக்கு வந்திருக்கிறீர்களா? சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் காம்பவுண்டு சுவர்தான். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று உருளக்கூடியது எல்லாம் இங்கே தயாராகிறது. நடுநடுவே இன்னும் விலை போகாத வயல், ஒரு ஏரி, கொஞ்சம் உள்ளே போனால் வல்லக்கோட்டை முருகன். இருபத்து நாலு மணி நேரமும் கம்பெனி பஸ் ஓடும். ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள், பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்கிக் கொண்டிருப்பார்கள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிற ஊரில் தூக்கம்தான் பெரிய பிரச்னை. பஸ்ஸில் தூங்கினால் அது ஓய்வு. மெஷின் முன்னால் தூங்கினால் மெமோ!

எங்கள் கம்பெனியில் அவனுக்குப் பெயர் கும்பகர்ணன். நிஜப் பெயர் வேறு. இதை எழுதப் போகிறேன் என்றதும், ''தாராளமா எழுதுங்க ஸார், பேர் மட்டும் வேணாம். வீட்டுல பொண்ணு பாத்துட்டிருக்காங்க'' என்றான். ஆகவே கும்பகர்ணனாகவே இருக்கட்டும்.

வயசு 26. செய்யாறு பக்கத்துக் கிராமம். டிப்ளமோ படித்தவன். போல்ட்டுகளைப் பரிசோதித்து, ஐம்பது ஐம்பதாக எண்ணி டிரேயில் அடுக்குகிற வேலை. இரண்டு வருஷமாக ஒரு புகாரும் கிடையாது. திடீரென்று ஒரு மாசத்தில் சூப்பர்வைசர் மூன்று புகார் கொண்டுவந்தார்.

ஒன்று: செகண்ட் ஷிஃப்டில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டு: எண்ணிக்கையில் தப்பு. ஐம்பது போல்ட் இருக்க வேண்டிய டிரேயில் முப்பதும் முப்பத்தைந்தும்தான் இருக்கின்றன.

மூன்று: அதட்டிக் கேட்டால், மூக்கால் பேசி நக்கல் பண்ணுகிறான்.

மூன்றையும் அழகாக நம்பர் போட்டு மெமோ அடித்தேன். மறுநாள் பதில் வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில், நீல மையில்: 'ஐயா, நான் தூங்கவில்லை. கண் தானாக மூடிக்கொள்கிறது. நான் முழிப்பாகத்தான் இருக்கிறேன்.'

எங்கள் டிபார்ட்மெண்டே சிரித்தது. நான் சும்மா இருக்கவில்லை. அதை மொபைலில் படம் எடுத்து, 'எனக்கும் திங்கட்கிழமையானா இதேதான்' என்று எழுதி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பதினாலு பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்தது விசாரணை. காலை பத்து மணிக்கு வைத்தோம். எல்லா விசாரணையும் காலை பத்து மணிக்குத்தான். அதிகாரி மத்தியானம் சாப்பிட்டால் அவருக்கே தூக்கம் வந்துவிடும்! கும்பகர்ணன் பளிச்சென்று வந்து நின்றான். கண் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தன. மணி மணியாகப் பேசினான். மேஜையில் கொட்டிய போல்ட்டுகளைச் சரியாக எண்ணினான்.

''இப்ப மட்டும் எப்படிய்யா கண்ணு தெறந்திருக்கு?''

''காலைல நல்லாத்தான் இருக்கு ஸார். சாயங்காலம் ஆனாத்தான் இப்படி.''

''அதாவது, சம்பள நேரத்துல!'' என்றார் அதிகாரி. மறுபடி சிரிப்பு. 'குற்றம் நிரூபணம்' என்று எழுதினேன். நாலாவது காகிதம் முடிந்தது. ஐந்தாவது பாக்கி.

அந்த ஐந்தாவதைக் காப்பாற்றியது ஒரு பரோட்டா.

ஆடிட் வேலை இருந்ததால் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கும் நான் கம்பெனியில் இருந்தேன். கேன்டீனில் எதிர் பெஞ்சில் கும்பகர்ணன். சாப்பிடுகிறான். ஆனால் இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்து, மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டு!

''என்னய்யா, பரோட்டா அவ்ளோ ரப்பரா?''

''மொத நாலு வாய் நல்லாப் போகுது ஸார். அப்புறம் தாடை ஓட மாட்டேங்குது.''

குரல் மூக்கால் வந்தது. தண்ணீர் குடித்தான். அது மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இருமி முடித்து, என்னைப் பார்ப்பதற்காக ஒரு விரலால் வலது கண் இமையைத் தூக்கிப் பிடித்தான்.

''நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க ஸார்.''

இரண்டிரண்டாகத் தெரிகிறவன் ஐம்பது எண்ணினால் டிரேயில் ஐம்பது எப்படி இருக்கும்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நம்பர் போட்டு அடித்த மூன்று குற்றமும் என் எதிரிலேயே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக் கொண்டிருந்தன.

நல்லவேளையாக அது டாக்டர் வருகிற நாள். எங்கள் கம்பெனி டாக்டர் வயசானவர். செங்கல்பட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கும்பகர்ணன் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியில் நான் அசந்து போனேன்.

''தம்பி, பாம்பு கீம்பு கடிச்சுதா?''

''இல்ல ஸார். ஒரு மாசமா இப்படி.''

''ஒரு மாசமா? அப்ப பாம்பு இல்ல. மேல அந்த ஃபேனைப் பாரு. நான் சொல்ற வரைக்கும் கண்ணைக் கீழ இறக்காதே.''

ராத்திரி கடை ஷட்டர் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி இரண்டு இமைகளும் மெள்ள மெள்ளக் கீழே இறங்கின. முயற்சியில் அவன் நெற்றி சுருங்கியது. இமைகள் கேட்கவில்லை.

டாக்டர் கேன்டீனிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வரச் சொன்னார். ஜூஸ் போட வைத்திருந்தது. பாலிதீன் பையில் போட்டு, துணி சுற்றி, மூடிய கண் மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்தார். இமை எழுந்து நின்றது!

நான் மாரியம்மன் கோயிலில் நிற்பவன் போல் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

''மந்திரமெல்லாம் இல்லய்யா'' என்றார் டாக்டர். ''மையஸ்தீனியா கிராவிஸ்னு ஒரு வியாதி. தசை களைச்சுப் போற வியாதி. அமிதாப் பச்சனுக்கே எண்பதுகள்ல வந்தது. நாளைக்கே சென்னை ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போ. முழுங்கறதுக்கும் கஷ்டம் வந்துடுச்சு. அடுத்தது மூச்சு. தள்ளிப் போடற விஷயம் இல்லை.''

அடுத்தது மூச்சு! என் டிராயரில் ஐந்தாவது காகிதம் தேதி மட்டும் போடாமல் தயாராக இருந்தது.

* * *

மறுநாள் சென்ட்ரல் எதிரே ஜி.எச். நரம்பியல் பிரிவு. ஊரிலிருந்து அவன் அம்மா வந்திருந்தார். மகன் கையில் ஏற்கெனவே மூன்று மந்திரித்த கயிறு. ''எந்தக் கண்ணு பட்டுதோ தெரியல தம்பி'' என்றார் என்னிடம். எந்தக் கண் பட்டது என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் பதினாலு ஜோடி.

வரிசை நீளம். அவன் முறை வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு விதத்தில் நல்லது. இமைகள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. நியோஸ்டிக்மின் என்று ஓர் ஊசி, கூடவே அட்ரோபின் என்று இன்னொன்று. ''கொஞ்ச நேரம் பாருங்க'' என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால் பொங்குவதைப் பார்ப்பது மாதிரி.

இருபது நிமிஷம் இருக்கும். இமைகள் எழுந்தன. கண் முழுசாகத் திறந்தது. அவன் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவன் என்னைப் பார்த்தான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பி மறுபடி பார்த்தான்.

''ஸார்... நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க!''

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் கொடுத்ததில்லை.

விஷயம் என்ன என்பதைக் கம்பெனி டாக்டர் பிறகு எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். கை மடங்க வேண்டும் என்றால் நரம்பு தசைக்கு ஒரு மெமோ அனுப்புகிறது. அந்த மெமோவின் பெயர் அசிட்டைல்கோலின். தசையில் அதை வாங்கிக்கொள்ளத் தட்டுகள் இருக்கின்றன. மெமோ தட்டில் விழுந்தால் தசை சுருங்கும். ஆனால் படித்த மெமோ அங்கேயே கிடந்தால் தசை சுருங்கியபடியே நின்றுவிடுமே! அதற்காக அங்கே ஒரு ஹவுஸ்கீப்பிங் ஆள் இருக்கிறார். பெயர் கோலினெஸ்டரேஸ். பயங்கர சுறுசுறுப்பு. ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான மெமோக்களைக் கிழித்துப் போட்டுவிடுவார். எங்கள் ஆபீஸில் இப்படி ஒருத்தர் கிடையாது.

மையஸ்தீனியாவில் என்ன ஆகிறது? நம் உடம்பின் செக்யூரிட்டிக்காரர்களான எதிர்ப்புரதங்களே, திருடன் என்று தப்பாக நினைத்து அந்தத் தட்டுகளை உடைத்துவிடுகிறார்கள். காலையில் நரம்பிடம் மெமோ ஸ்டாக் நிறைய இருப்பதால், மிச்சமிருக்கும் தட்டுகளை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். வேலை செய்யச் செய்ய ஸ்டாக் குறையும், தசை சோரும். நாள் முழுக்க ஓயாமல் உழைக்கிற தசை கண் இமையும் கண்ணை அசைக்கிற தசையும்தான். அதனால் முதல் அடி அங்கே. பத்து மணி விசாரணையில் அவன் பளிச்சென்று நின்ற ரகசியம் இதுதான்.

உடைந்த தட்டை இந்த ஊசி ஒட்டாது. அது செய்வது வேறு: ஹவுஸ்கீப்பிங் ஆளுக்குச் சில மணி நேரம் லீவு கொடுக்கிறது. மெமோக்கள் கிழிபடாமல் கூடுதல் நேரம் மிதக்கும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொரு தட்டில் விழும். வேலை நடக்கும். ஐஸ் வைத்ததும் இதே காரணம்தான். குளிரில் அந்த ஆளுக்குக் கை விறைத்துச் சுறுசுறுப்பு குறைந்துவிடும்.

''சரி, பாம்பு எங்கேர்ந்து ஸார் வந்துது?''

''நல்ல பாம்பு விஷமும் இதே தட்டுலதான் போய் உக்காரும். கடிபட்டவனுக்கு மொதல்ல இமைதான் இறங்கும். நான் பி.எச்.சி.யில எத்தனையோ பேருக்கு விஷமுறிவு மருந்தோட இதே நியோஸ்டிக்மினையும் அட்ரோபினையும் போட்டுக் கண்ணு தெறக்கறதைப் பாத்திருக்கேன். கட்டுவிரியனுக்கு இது அவ்வளவாப் பலிக்காது. அது மெமோ அனுப்பற நரம்பு முனையையே காலி பண்ணிடும்.''

இங்கே ஒரு விஷயம். அந்த விஷமுறிவு மருந்துக்கு விஷம் வேண்டுமே! வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் எங்களுக்கு அதிக தூரமில்லை. அவர்கள் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்து மருந்து தயாராகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வயல் ஓரமாக ரூமுக்கு நடக்கிற தம்பிகளே, பாம்பு கடித்தால் கயிறு கட்டிக் கீறிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* * *

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மருந்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, விசாரணை என்ற பெயரில் நாங்கள் நடத்தியது உலகத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்று ஓர் ஊர், இன்றைய நைஜீரியாவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒருவன் மேல் சூனியக் குற்றம் சாட்டினால், ஒரு வகை அவரை விதையை அரைத்துக் குடிக்க வைப்பார்கள். செத்தால் குற்றவாளி. வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. எங்கள் விசாரணையைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். 1855-ல் எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிஸன் என்ற பேராசிரியர் அந்த விதையைத் தானே தின்று பார்த்தார். நிலைமை மோசமானதும் கைக்குக் கிடைத்த ஷேவிங் தண்ணீரை மடக்கென்று குடித்து, வாந்தி எடுத்துத் தப்பித்தார். அந்த விதையிலிருந்து 1864-ல் பிரித்தெடுத்த சரக்குதான் ஃபைஸோஸ்டிக்மின். கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு மருந்தானது.

நரம்பு மெமோ அனுப்புகிறது என்பதே 1921-ல்தான் நிரூபணமானது. ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு ராத்திரி கனவில் ஒரு பரிசோதனை தோன்றியது. எழுந்து குறித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை! அடுத்த ராத்திரி அதே கனவு. இந்தத் தடவை நேராக லேபுக்கு ஓடித் தவளை இதயத்தில் செய்து பார்த்தார். 1936-ல் நோபல் பரிசு, ஹென்றி டேலுடன் சேர்த்து. தூங்கினவருக்கு நோபல். எங்கள் கம்பெனியில் இருந்திருந்தால் மெமோ.

எனக்கு மிகவும் பிடித்தவர் மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்சில், ஏழைகள் வருகிற செயின்ட் ஆல்ஃபேஜ் ஆஸ்பத்திரியில் சாதாரண டாக்டர். மையஸ்தீனியா நோயாளிகளைப் பார்த்தால், தென் அமெரிக்க அம்பு விஷமான குராரே ஏறியவர்கள் மாதிரி இருக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. குராரேவுக்கு மாற்று ஃபைஸோஸ்டிக்மின். அப்படியென்றால் இவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன? 1934-ல் ஒரு பெண்மணிக்குப் போட்டார். விழுந்திருந்த இமை எழுந்தது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய பெரிய டாக்டர்கள் பார்த்த வியாதிதான். கேள்வியைக் கேட்டவர் இவர்.

இதே விஷயத்துக்கு இருட்டான ஒரு பக்கமும் உண்டு. 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடப் போய், டாபுன் என்ற விஷ வாயுவைக் கண்டுபிடித்தார். அந்தக் குடும்பத்துச் சரக்குதான் நம் வயலில் அடிக்கிற ஆர்கனோ பாஸ்பேட் பூச்சிமருந்துகள். மாத்திரை ஹவுஸ்கீப்பிங் ஆளுக்கு லீவு கொடுக்கிறது. பூச்சிமருந்து அவரைக் கட்டிப்போட்டுவிட்டுச் சாவியையும் தூக்கி எறிந்துவிடுகிறது. மெமோ மலையாகக் குவியும். எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகும், மூச்சு திணறும். எங்கள் மாமா ஒரு தடவை மூக்கில் துணிகூடக் கட்டாமல் நாள் பூரா மருந்தடித்துவிட்டு வரப்பில் விழுந்தவர்தான். அன்றைக்கு அட்ரோபின் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். ஒரே ஆள்தான். லீவு கொடுத்தால் வைத்தியம், ஒரேயடியாக முடக்கினால் எமன்.

உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் நடந்திருந்தால், தளர்த்திய தசைகளை முடிவில் எழுப்ப நியோஸ்டிக்மின் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு மூளையில் இந்த மெமோ குறைகிறது என்று, 1996-லிருந்து டோனெபெஸில் மாத்திரை கொடுக்கிறார்கள். நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும்.

* * *

கும்பகர்ணனுக்கு இப்போது பிரிடோஸ்டிக்மின் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போட வேண்டும். மூன்று நாலு மணி நேரம் தாங்கும். வயிறு கொஞ்சம் கடமுடா பண்ணும், எச்சில் ஊறும். மெமோ வயிற்றுக்கும்தானே போகிறது! அதிகம் போட்டால் தசை மறுபடி சோர்ந்துவிடும், ஆகவே டாக்டர் சொன்ன கணக்குத்தான். செக்யூரிட்டிக்காரர்களை அடக்கத் தனியாக வேறு மருந்து. மார்பில் தைமஸ் சுரப்பியையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முக்கியமான எச்சரிக்கை: பேதி, ஜுரம் என்று மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்ஸஸின் மாதிரி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. சில ஆன்டிபயாடிக்குகள் இந்த வியாதியை ஒரேயடியாகக் கிளப்பிவிடும். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறான்.

கம்பெனி சமாசாரத்துக்கு வருகிறேன். விசாரணை அறிக்கையை எப்படி ரத்து செய்வது என்று ஃபார்மெட் தேடினேன். கிடையாது! குற்றவாளியாக்க ஐந்து காகிதம் இருக்கிறது, திருப்பி மனுஷனாக்க ஒன்றுகூட இல்லை. நானே உட்கார்ந்து ஒன்று அடித்தேன். ஆறாவது காகிதம். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நிரந்தரமாக ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆனது. டிரேயில் இப்போது சரியாக ஐம்பது.

மன்னிப்பு கேட்டேன். எளிதாக இல்லை. வாட்ஸ்அப் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ''தெரியும் ஸார். என் ரூம்மேட்டே காட்டினான்'' என்றான். பிறகு, ''நான்தான் எழுதியிருந்தேனே ஸார், முழிப்பாத்தான் இருக்கேன்னு. படிச்சீங்க. யாரும் கேக்கல.''

அந்த நீல மைத் தாள் இப்போது என் டிராயரில், மெமோ பேடுக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை நகர்த்திவிட்டுத்தான் பேடை எடுக்க வேண்டும்.

இப்போதெல்லாம் யாராவது கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான் என்று புகார் வந்தால், ராத்திரி ஷிஃப்டில் நானே நேரில் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்: ''சாயங்காலம் ஆனா அதிகமாகுதா? ரெண்டு ரெண்டாத் தெரியுதா? மெல்லக் கஷ்டமா இருக்கா?''

''அதெல்லாம் இல்ல ஸார், நேத்து ராத்திரி பூரா கிரிக்கெட் பாத்துட்டேன்'' என்கிறார்கள்.

அவர்களுக்கு மெமோதான்!